பதினோரு டிகிரிப் பால்

சின்னமேடு,
5 மே 2025.

அனுப்புநர்: மோ. தாட்சாயணி, பொறுப்பாளர், பால் குளிரூட்டும் மையம், சின்னமேடு, நகரி மண்டலம்.
பெறுநர்: மோகன்ராஜ், முதுநிலை மெக்கானிக், பால் பிளாண்ட், திருப்பதி.
பொருள்: பால் குளிராதது பற்றி.

ஐயா,

நான் இந்த மையத்தின் பொறுப்பை ஏற்று மூன்று மாதம் ஆகிறது. அறுபத்துநான்கு வீட்டார் இங்கே பால் ஊற்றுகிறார்கள். நேற்று அனுப்பிய தொள்ளாயிரம் லிட்டரும் பதினோரு டிகிரி சூட்டில் இருக்கிறதென்று சொல்லி உங்கள் பிளாண்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எட்டு டிகிரிக்கு மேல் இருந்தால் எடுக்கக்கூடாது என்பது விதி. அதில் எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. ஏப்ரலில் ஒருமுறை, நேற்று ஒருமுறை. மூன்றாவது தடவையும் திரும்பினால் மையத்தை மூடிவிடுவதாக மேலாளர் எழுதியிருக்கிறார். மூடினால் இந்த அறுபத்துநான்கு பேரும் கேனைத் தூக்கிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும்.

குளிரூட்டும் இயந்திரத்தில் கோளாறு இருக்கிறது. வந்து பாருங்கள்.

புகாரைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது, எழுத்தில்தான் தர வேண்டும் என்று நிறுவனம் மார்ச்சில் விதி போட்டது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. இதை டேங்கர் டிரைவர் ஏழுமலை அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மோ. தாட்சாயணி

பி.கு.: பெயருக்கு முன்னால் ‘மோ’ என்று போட்டிருப்பது சம்பளப் பதிவேட்டில் அப்படி இருப்பதால். வேறு பொருள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.


திருப்பதி,
7 மே 2025.

தாட்சா,

‘அம்மையீர்’ என்று எழுதி அடித்துவிட்டேன். தாலி கட்டின பெண்டாட்டியை அம்மையீர் என்று எழுதக் கை வரவில்லை.

பிளாண்டுக்கு வந்த உன் மையத்து நாளேட்டின் நகலைப் பார்த்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு டேங்கில் பால் நாலு டிகிரி என்று நீயே எழுதியிருக்கிறாய். நாலு டிகிரி வருகிறதென்றால் இயந்திரம் நன்றாக இருக்கிறதென்று அர்த்தம். முந்தின நாள் சாயங்காலப் பால் அழகாகக் குளிர்ந்து கிடக்கிறது. காலைப் பாலை நீ மொத்தமாகக் கொட்டிக் கெடுக்கிறாய். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. ஒருவேளை இயந்திரம் நின்றே போனால் பயப்படாதே, கேன்களில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி மூடி டேங்குக்குள் இறக்கி வை, போதும்.

எனக்குப் பன்னிரண்டு மையம் இருக்கிறது. ஒரு கோடியில் சாந்திபுரம், இன்னொரு கோடியில் வரதய்யபாளையம். முறை வரும்போது வருகிறேன்.

குக்கர் வாஷரை எங்கே வைத்துவிட்டுப் போனாய்? ஜனவரியிலிருந்து மெஸ் சாப்பாடு.

மோகன்


சின்னமேடு,
9 மே 2025.

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் இயந்திரம் படித்தவர், நான் வெறும் பி.எஸ்ஸி. இயற்பியல். ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது.

தெர்மாமீட்டர் எவ்வளவு சூடு என்றுதான் சொல்லும். எவ்வளவு வெப்பம் இருக்கிறதென்று சொல்லாது. ஒரு தம்ளர் கொதிக்கிற டீ, ஓர் அண்டா வெதுவெதுப்பான தண்ணீர். சூடு டீயில் அதிகம். வெப்பம் அண்டாவில் அதிகம். டீயை ஊதி ஊதி ஐந்து நிமிடத்தில் ஆற்றிவிடலாம், அண்டாவை ஆற்ற அரைநாள் ஆகும். காலை ஆறு மணிக்கு என் டேங்கில் நாலு டிகிரிப் பால் நானூற்றைம்பது லிட்டர். எட்டு மணிக்குள் மாட்டு மடியிலிருந்து வந்த முப்பத்தைந்து டிகிரிப் பால் இன்னொரு நானூற்றைம்பது. இரண்டும் கலந்தால் பத்தொன்பதரை. கொட்டினாலும், சங்கில் புகட்டினாலும், எடுக்கவேண்டிய வெப்பம் அதேதான். மார்ச்சில் இந்த வேலையை இயந்திரம் பத்து மணிக்குள் முடித்தது. இப்போது முடியவில்லை. ஏன் என்று பார்த்தேன்.

இயந்திர அறைக்குள் தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டேன். வெளியே நாற்பத்திரண்டு. உள்ளே ஐம்பத்தாறு. பாலில் இருந்து பிடுங்கின வெப்பம் மாயமாகப் போய்விடாது. இயந்திரம் அதைப் பின்பக்கமாக அறைக்குள் தள்ளுகிறது, தான் தின்ற மின்சாரத்தையும் வெப்பமாக்கிக் கூடவே தள்ளுகிறது. அது வெளியே போகத்தான் சுவரில் காற்றுத் துளைகளோடு ஜாலி வைத்திருக்கிறார்கள். அந்த ஜாலியின் மேல் ஜனவரியில் இரும்புத் தகடு அடித்து மூடினவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. கையெழுத்து தகட்டிலேயே பெயின்டில் இருக்கிறது. குளிர்காலத்தில் தப்பித்தது. கத்திரி வெயிலில் தப்பிக்காது.

தகட்டைக் கழற்றுங்கள். அதுவரை பால் ஒரே சீராகக் குளிரட்டும் என்று டேங்கில் உள்ள கலக்கியை நிறுத்தாமல் ஓடவிடப்போகிறேன்.

இதே விஷயத்தைத்தான் பொங்கலன்றும் சொன்னேன். மூன்று அடுப்பும் எரிந்த சமையலறையில் உங்கள் அக்கா வீட்டுக்காரர் ஜில்லென்று இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தார். திறந்து வைத்தால் அறை இன்னும் சூடாகும் என்றேன். “கம்ப்ரசர் கழட்டினவன் நான், புத்தகம் படிச்சவ இவ” என்று சொல்லி நீங்கள் சிரித்தீர்கள். பதினொரு பேரும் சிரித்தார்கள். நான் எண்ணினேன்.

குக்கர் வாஷர் மூன்றாவது தட்டில் இருக்கிறது.

மோ. தாட்சாயணி


திருப்பதி,
12 மே 2025.

தாட்சா,

தகட்டைக் கழற்ற முடியாது. டிசம்பரில் வரதய்யபாளையம் மையத்தில் ஜாலியை உடைத்துச் செம்புக் குழாய் முழுவதையும் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் நானே யோசனை செய்து பன்னிரண்டு மையத்திலும் தகடு அடித்தேன். மேலாளர் மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அப்போது நீ கிளம்பிப்போய் நாலு நாள். வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மெஸ் மாஸ்டரிடம் சொன்னேன். இப்போது நானே போய் அதைக் கழற்று என்று எப்படிச் சொல்வது?

இதோடு ஒரு பெரிய மின்விசிறி அனுப்புகிறேன். இயந்திர அறைக்குள் வை. கதவை மட்டும் சாத்தி வை, எலி வரும்.

மூன்றாவது தட்டில் வாஷர் இல்லை. நாலாவதிலும் இல்லை.

மோகன்


சின்னமேடு,
14 மே 2025.

ஐயா,

மின்விசிறி வந்து சேர்ந்தது. அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ஐம்பத்தாறாக இருந்தது ஐம்பத்தேழாயிற்று. விசிறி குளிர்ச்சியை உண்டுபண்ணுவதில்லை, இருக்கிற காற்றைச் சுற்றிவிடுகிறது. மோட்டார் தின்கிற மின்சாரம் முழுவதும் கடைசியில் அதே அறையில் வெப்பமாகத்தான் வந்து சேருகிறது. எங்களுக்குப் பால் ஊற்றுகிற, நாலு எருமை வைத்திருக்கும் முனிரத்தினம் அண்ணன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மிசினுக்கு விசிறிவிடுகிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் எட்டு டிகிரிக்குக் கொண்டுவர, காலைப் பாலை முக்கால் மணி முன்னதாகவே வாங்குகிறேன். அறுபத்துநான்கு வீட்டு மாடுகளும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சந்தேகம். கலக்கி நாலு மணி நேரம் விடாமல் ஓடினால் பாலின் மேல் மஞ்சளாகச் சிறு சிறு உருண்டைகள் ஏதாவது மிதக்குமா? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

மோ. தாட்சாயணி


திருப்பதி,
15 மே 2025.

தாட்சா,

அது வெண்ணெய்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். நாலு மாதத்தில் இவ்வளவு ருசியாக டீ குடித்ததில்லை.

எருமைப் பாலை நாலு மணி நேரம் விடாமல் கலக்கினால் வேறு என்ன வரும்? அதோடு, கலக்குகிற வேலையும் பாலுக்குள் சூடாகத்தான் போய்ச் சேரும். உள்ளங்கையைத் தேய்த்தால் சூடு வருவது உன் புத்தகத்தில் இல்லையா? காலாகாலமாக நாங்கள் செய்வது, கால் மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் கலக்குவது. அதற்கு மேல் கலக்கினால் பால் சென்டர் இல்லை, மோர் கடை.

ஏழுமலை அண்ணன் சொன்னார், பால் ஊற்ற வந்த வள்ளியம்மாள் அக்கா மூடியைத் திறந்து பார்த்து “இன்னாம்மா, டேங்க்ல வெண்ண கடைஞ்சிக்கினு கீற?” என்று கேட்டார்களாமே. அதை நீ எழுதவில்லை.

விசிறி விஷயம் எனக்குத் தெரியும். சூடு குறையாது என்று தெரிந்துதான் அனுப்பினேன். நீ புகார் எழுதிக்கொண்டே இருக்கிறாய், பதிலுக்கு ஏதாவது ஒன்று அனுப்ப வேண்டும்போல இருந்தது.

24ஆம் தேதி உன் மையத்துக்கு முறை. வருகிறேன்.

மோகன்


சின்னமேடு,
22 மே 2025, மாலை நாலு மணி.

ஐயா,

டேங்கரில் பால் ஏறிக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறேன். பால் அங்கே வந்து சேரும்போது இந்தக் காகிதமும் சேரும். நடந்ததை முறையாக எழுத்தில் தருகிறேன்.

காலை ஏழே காலுக்குத் தொள்ளாயிரம் லிட்டரும் டேங்கில். ஏழரைக்கு கம்ப்ரசர் நின்றது. உங்களுக்கு அழைத்தேன். விதி மீறல்தான். நீங்கள் சொன்னபடி சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஓடியது. பத்தே நிமிடத்தில் மறுபடி நின்றது. அறைக்குள் ஐம்பத்தெட்டு. அதே நேரத்தில் ஏழுமலை அண்ணன் அழைத்து, வடமாலப்பேட்டை அருகே டேங்கரின் அச்சு போய்விட்டது, மூன்று மணிக்கு முன்னால் வர வாய்ப்பில்லை என்றார்.

டேங்கில் பத்தொன்பது டிகிரி. அப்படியே விட்டால் மதியத்துக்குள் திரிந்துவிடும். விஷயம் பரவி முப்பது பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

நாளேட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பத்து டிகிரி குறைக்க ஏறக்குறைய எட்டாயிரத்து நானூறு கிலோ கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். நீங்கள் சொன்னபடி குளிர்ந்த தண்ணீர் என்றால், உறையப்போகிற தண்ணீராகவே இருந்தாலும் தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். ஆயிரத்து இருநூறு லிட்டர் டேங்கில் பாலே தொள்ளாயிரம் இருக்கிறது. ஆனால் ஐஸ் உருகும்போதே ஒவ்வொரு கிலோவும் எண்பது கிலோ கலோரி விழுங்கும், அதுவும் தன் சூடு ஒரு டிகிரிகூட ஏறாமல். நூறு கிலோ போதும், வெயிலுக்குச் சேர்த்து நூற்றைம்பது. முனிரத்தினம் அண்ணன் மாம்பழம் ஏற்ற நிறுத்தியிருந்த மினி லாரியை எடுத்துக்கொண்டு நகரிக்கு ஓடி மூன்று பாளம் கொண்டுவந்தார். கடப்பாரையால் நொறுக்கி, கழுவிக் காயவைத்த ஐந்து கேன்களில் நிரப்பி மூடி டேங்கில் இறக்கினோம். ஐந்தும் மிதந்தன. ஐஸ் மிதக்கும் என்பது என் கணக்கில் விட்டுப்போயிற்று. ஐஸ் துண்டுகளின் இடுக்கில் தண்ணீர் ஊற்றி நிரப்பியதும் கழுத்துவரை மூழ்கின.

பிறகு கால் மணிக்கு ஐந்து நிமிடம் கலக்கினேன். கலக்காமல் விட்ட முதல் இருபது நிமிடத்தில் கேனைச் சுற்றி மட்டும்தான் குளிர்ந்திருந்தது, ஓரத்தில் பதினெட்டிலேயே நின்றது. இதை உங்களிடமிருந்து தெரிந்துகொண்டேன் என்று குறித்துக்கொள்ளவும்.

வள்ளியம்மாள் அக்கா ஒரு கேன் மூடியைத் திறந்து உள்ளே தெர்மாமீட்டரை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போது பார்த்தாலும் பூஜ்ஜியம். “இம்மா நேரமா பால் சூட்ட துன்னுக்கினே கீது, இதுக்கு ஒரு டிகிரி ஏறல பாரேன்” என்றார். உள்ளுறை வெப்பத்தை நான் மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு சரியாக ஒரு தடவையும் சொன்னதில்லை.

ஒன்பது டிகிரியில் வந்து நின்றுவிட்டது. பாளம் தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு நான் கடப்பாரையை வாங்கி ஜாலியின் மேலிருந்த தகட்டைப் பெயர்த்தேன். உங்கள் கையெழுத்தின் மேல் கடப்பாரையை வைத்ததற்கு உள்நோக்கம் கிடையாது, அங்கேதான் இடுக்கு இருந்தது. தகடு விழுந்ததும் வெளியே வந்த காற்றில் முனிரத்தினம் அண்ணன் இரண்டடி பின்னால் போனார். அரைமணியில் அறை நாற்பத்தைந்துக்கு இறங்கியது. பொத்தானை அழுத்தினேன். இதுவரை நிற்கவில்லை.

இப்போது டேங்கில் ஐந்து டிகிரி. நிறுவனத்தின் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு என்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

மோ. தாட்சாயணி


திருப்பதி,
24 மே 2025.

தாட்சா,

பிளாண்டில் அளந்தபோது ஆறு டிகிரி. மற்ற சோதனையும் தேறிவிட்டது. எடுத்துக்கொண்டார்கள். அளக்கிற இடத்தில் எனக்கு வேலை இல்லை. ஆனாலும் சாந்திபுரத்திலிருந்து திரும்பிய கையோடு போய் நின்றேன்.

அன்று காலை நான் சாந்திபுரத்தில் இருந்தேன். உன் அழைப்பு நாற்பது விநாடி. நாலு மாதத்துக்குப் பிறகு நாற்பது விநாடி. “மாமா, செவப்புப் பொத்தான் எங்க கீது?” என்று கேட்டாய். சொன்னேன். வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் பதினான்கு முறை அழைத்தேன். நீ எடுக்கவில்லை, உன் கை ஐஸில் இருந்திருக்கும். பஸ் பிடித்து வந்தால் சாயங்காலம் ஆகிவிடும் என்று தெரிந்தும் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நின்றேன். மாமா என்று கூப்பிட்டதை மட்டும் நினைத்துக்கொண்டு.

நேற்று மேலாளருக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். நகல் இணைத்திருக்கிறேன். தகடு என் யோசனை, சூடு ஏறுமென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், சின்னமேட்டுப் பால் இரண்டு முறை திரும்பினதற்குப் பொறுப்பாளர் காரணம் இல்லை, நான்தான் காரணம் என்று எழுதினேன். எழுத அரைமணி, உள்ளே கொண்டுபோய்க் கொடுக்க ஒன்றரை மணி. தான் கூப்பிடும்வரை பிளாண்டைவிட்டுப் போகக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டதால் இன்று உன் மையத்து முறைக்கு வர முடியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதற்கு மேலாளருக்கு நகல் இல்லை.

பொங்கலன்று நீ சொன்னது சரி. இருபது வயதிலிருந்து ஃப்ரிட்ஜ் பிரிக்கிறவன் நான். கதவைத் திறந்து வைத்தால் முன்பக்கம் வருகிற குளிரைவிடப் பின்பக்கம் வருகிற சூடு அதிகம் என்று எனக்குத் தெரியாதா? சிரிக்கும்போதே தெரியும். இந்த வேலை அக்கா வீட்டுக்காரர் வாங்கிக்கொடுத்தது. அவரைப் பார்த்து ‘நீங்கள் செய்தது தப்பு’ என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. உன்னைப் பார்த்துச் சிரிப்பது சுலபமாக இருந்தது. தெரியாமல் சிரித்திருந்தால் அப்போதே மன்னிப்புக் கேட்டிருப்பேன். தெரிந்து சிரித்ததால்தான் இத்தனை நாள் ஆயிற்று.

மோகன்


சின்னமேடு,
26 மே 2025.

உங்கள் கடிதம் பால் ஊற்றுகிற நேரத்தில் வந்தது. பிரித்ததும் இது வாசலில் நின்று படிக்கிற கடிதம் இல்லை என்று தெரிந்தது. இயந்திர அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். இப்போது அங்கே நாற்பத்தொன்றுதான். ஆனாலும் வெளியே வந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. வள்ளியம்மாள் அக்கா பார்த்தார். வேர்வை என்றேன். நம்பினாரா என்று தெரியாது. அதற்குப் பிறகு பாலில் நுரை அடங்கட்டும் என்று காத்திருக்காமல் நாலு பேருக்கு லிட்டரைக் கூடுதலாக எழுதிவிட்டேன், சாயங்காலம் போய்த் திருத்திக்கொண்டு வந்தேன்.

மாமா என்று கூப்பிட்டது அவசரத்தில்.

நானும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். வெண்ணெய் அரைக்கிலோ வந்தது. பொது அறிவுக்காகக் கேட்கவில்லை. அன்றைக்கு அறுபத்துநான்கு பேரின் பாலைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்துகொண்டுதான் எழுதினேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்தீர்கள். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை. ஏனென்று யோசித்தேன். அன்று தப்பு என்னுடையது, சொன்னது நீங்கள், அவ்வளவுதான்.

குக்கர் வாஷர் மூன்றாவது தட்டில் இல்லை. எந்தத் தட்டிலும் இல்லை. கிளம்பும்போது கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சோறு வேகாமல் தவிக்கட்டும் என்று.

தாட்சாயணி


திருப்பதி,
29 மே 2025.

அம்மையீர்,

இந்தத் தடவை அடிக்கவில்லை. காரணம் கீழே.

மேலாளர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. பன்னிரண்டு மையத்திலும் தகட்டை எடுத்துவிட்டு, கை நுழையாத, காற்று நுழைகிற கம்பிவலை ஜூன் முடிவதற்குள் போட வேண்டும் என்றார். ஒழுங்காகச் செய்கிறேனா என்று யார் பார்ப்பது? சின்னமேட்டுப் பொறுப்பாளருக்கு இந்த விஷயம் தெரிகிறது, ஒரு மாதம் அங்கேயே தங்கி வேலை செய், தினமும் சாயங்காலம் அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கு, கையெழுத்து இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்றார். அந்த அம்மா என் மனைவி என்று சொன்னேன். தெரியும் என்றார். அதே ஆபீசில் வேலை செய்யும் அக்கா வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் இருந்தார். நானே அவரிடம் ஃப்ரிட்ஜ் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. வீட்டில் கதவைத் திறந்து வைத்து அறையில் தெர்மாமீட்டரை மாட்டிப் பார்க்கப் போகிறாராம். அக்கா திட்டுகிறாள்.

ஆகவே ஜூன் முதல் தேதி முதல் உங்கள் மையத்தில் பணியில் சேர அனுமதி வேண்டுகிறேன். தங்குவதற்கு நகரியில் லாட்ஜ் பார்க்கட்டுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மோகன்ராஜ், முதுநிலை மெக்கானிக்


சின்னமேடு,
31 மே 2025.

மோகன்ராஜ் அவர்களுக்கு,

அனுமதி வழங்கப்படுகிறது. வேலை காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கும். ஐந்து ஐம்பதுக்கு வந்தால் அன்றைக்குக் கையெழுத்து கிடையாது.

தங்கும் இடம் பற்றி. நகரி லாட்ஜில் இருந்து அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. என் அம்மாவிடம் சொன்னேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். ஒரு மாதம் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். ஆபீசைக் கேட்கவில்லை என்றார். இப்போது கட்டிலை வெளியே எடுத்துப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

முதல் நாள் மட்டும் நேரம் பார்க்க மாட்டேன், ஏழுமலை அண்ணனின் டேங்கரிலேயே வந்துவிடுங்கள். கம்பிவலையை மறக்காதீர்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதை எழுத்தில் தர முடியாது. நேரில்தான் சொல்வேன்.

தாட்சா